பண்பாடு பிள்ளையின் மனதைக் காக்குமா? வன்னியிலிருந்து ஒரு பதில்

இலங்கையின் வடக்கே வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் கேட்டிருந்தார்: “கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கள் பண்பாட்டோடு ஒட்டி வளர்ந்தால் அவர்களின் மனநலம் நன்றாக இருக்கிறது என்று பயிற்சி வகுப்பொன்றில் சொன்னார்கள். உண்மையா? எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா? அடுத்த தவணையில் பெரிய கலாசார விழா ஒன்று வைப்போம் என்கிறார் அதிபர். அதனால் பிள்ளைகளுக்குப் பலன் உண்டா?”

விழாவை வையுங்கள் ரீச்சர். பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தால் அதுவே பெரிய விஷயம். ஆனால் அதை மனநல வேலை என்று கணக்கெழுத வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பதினைந்து வருடத்துக்கு மேல் உளவளத்துணையாளராக வேலை செய்தவன். வைத்தியன் அல்ல. கண்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆய்வு. இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் பின்னால் அநேகமாக நிற்பது மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்டத்தட்ட 200 பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. 1987 முதல் 1992 வரை அங்கே எத்தனை இளையோர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பதைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் நாட்டின் சராசரியை விடப் பல மடங்கு. பிரித்தால் கதை மாறுகிறது. பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் அந்தக் காலம் முழுக்க ஒரு இளையவர்கூட அப்படிச் சாகவில்லை. பெரும்பாலான சாவுகள் ஒரு சில சமூகங்களுக்குள்ளேயே குவிந்து கிடந்தன. “பழங்குடிப் பிள்ளை என்றாலே ஆபத்து” என்ற பேச்சு அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

அப்புறம் அவர்கள் கேட்டது, சாவு இல்லாத ஊர்களில் அப்படி என்ன இருக்கிறது என்று. ஆறு விஷயங்களைப் பார்த்தார்கள். தங்களைத் தாங்களே ஆளும் உரிமை ஓரளவாவது கையில் இருக்கிறதா, பறிபோன நிலத்துக்காக வழக்காடுகிறார்களா, பாடசாலை யார் கையில், சுகாதார சேவை யார் கையில், பொலிஸும் தீயணைப்பும் யார் கையில், ஊர் கூடிப் பண்பாட்டுக் காரியம் செய்ய ஒரு இடம் இருக்கிறதா. இந்த ஆறும் இருந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை பூச்சியம். ஒன்றுமே இல்லாத இடங்களில்தான் மிக அதிகம். பிறகு வந்த வருடங்களையும் பார்த்துவிட்டு, ஊர் நிர்வாகத்தில் பெண்கள் இருப்பது, பிள்ளைப் பராமரிப்பு சேவை ஊரார் கையில் இருப்பது என்ற இரண்டையும் சேர்த்தார்கள். 2007இல் மொழியையும் பார்த்தார்கள். பாதிப் பேருக்காவது சொந்த மொழியில் பேச வருகிற சமூகங்களில் இளையோர் தற்கொலை ஏறக்குறைய இல்லாமலே போனது.

ஆறையும் இன்னொரு தரம் வாசியுங்கள் ரீச்சர். நடனம் எங்கே? உடுப்பு எங்கே? ஆறில் ஒன்றுதான் பண்பாட்டு மண்டபம். மற்ற ஐந்தும் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றியவை. பயிற்சி வகுப்புகளில் இது எப்படியோ “பிள்ளைக்குக் கரகம் பழக்கினால் மனம் தேறும்” என்று சுருங்கிவிடுகிறது. எனக்கு இதில் கோபம்கூட உண்டு. நிலத்தையும் பாடசாலையையும் பேசினால் அரசியல் ஆகிவிடும், கரகம் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். (இது நேர்க்கோடான காரண காரியம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிற ஊர்தான் சுயமாக நிர்வாகமும் நடத்தும் என்று வாதாடலாம். ஆனாலும் வேறு வேறு கோணத்தில் பார்த்த பிறகும் அதே பக்கம்தான் காட்டுகிறது.)

அந்தச் சமூகங்கள் அப்படி உடைந்தது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் நூறு வருடத்துக்கு மேல் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பாடசாலைகளில் போட்டார்கள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள். தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். 2008இல் அந்த நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் அவுஸ்திரேலியாவும், இப்படியே சிறு வயதில் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, திருடப்பட்ட தலைமுறை என்று சொல்லப்படும் தன் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. எங்கள் நாட்டிலும் பழங்குடிகளான வேடர்கள் வாழ்ந்த காட்டை 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா என்று அறிவித்து அவர்களை வெளியே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வேட்டையும் தேனெடுப்பும் ஒரே நாளில் குற்றமாகிப் போயின. அவர்கள் தங்களைச் சொல்லும் பெயர் வன்னியலா எத்தோ, காட்டு மக்கள் என்று பொருள். கிழக்கில் வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசும் வேடர்களும் இருக்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியில் அவர்களை நாங்கள் நினைப்பதே இல்லை.

வன்னி மக்கள் தங்களைப் பழங்குடி என்று சொல்லிக்கொள்வதில்லை. கமக்காரர், குளத்து ஆட்கள், கடல் ஆட்கள், காட்டை அறிந்தவர்கள் என்பார்கள். எங்களுக்கு மொழி போகவில்லை. கந்தோரில் சிங்களக் கடிதம் வந்தால் தவிப்போம், அது வேறு. வீட்டிலும் வகுப்பிலும் தமிழ் இருக்கிறது. ஆகவே கனடாவை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. இங்கே அறுந்தது வேறு ஒன்று. ஒரு ஊரின் ஆட்கள் ஒரே ஊரில் தொடர்ந்து இருப்பது அறுந்தது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார், எந்த வயலுக்கு எப்போது தண்ணி, குளக்கட்டு ஐயனாருக்கு மடை வைப்பது யார் முறை என்பதெல்லாம் எழுதி வைக்காத சட்டம். போரின் கடைசிக் கட்டத்தில், 2008, 2009இல், சில மாதங்களுக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளத்து முகாமில் கம்பி வேலிக்குள் வரிசையில் நின்ற சனத்துக்கு அந்தச் சட்டம் கலைந்துபோனது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இதைக் கூட்டு மனவடு என்கிறார். தனி ஆளின் மனம் மட்டும் காயப்படவில்லை, ஆட்களுக்கு இடையில் இருந்த நம்பிக்கையும் முறையும் காயப்பட்டன என்பது அதன் சாரம். மாத்திரை ஒரு ஆளுக்குக் கொடுக்கலாம். ஊருக்கு எப்படிக் கொடுப்பது?

உங்கள் வகுப்பில் இருப்பவர்கள், 2009 மே மாதம் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு பிறந்தவர்கள். செல் விழுந்ததை அவர்கள் காணவில்லை. ஆனால் அம்மா இரவில் ஏன் திடுக்கிட்டு எழும்புகிறார், மாமாவின் படத்துக்கு ஏன் மாலை போடவில்லை என்பதோடு வளர்கிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். தலையிடி என்று வந்தான். எங்கள் பக்கம் யாரும் “மனச்சோர்வு” என்று வருவதில்லை, தெரியும்தானே. தலையிடி, நெஞ்சடைப்பு, கை கால் விறைப்பு, ஒரே யோசனை, பெருமூச்சு. கண்ணைப் பரிசோதித்தாயிற்று, இரத்தம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் வாய் திறந்தான். தகப்பன் 2009 மே மாதம் காணாமல் போனவர். தாய் இன்னும் பொட்டு வைக்கிறார், வருவார் என்கிறார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இருக்கும் போராட்டத்துக்கும் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் வருபவர். பையன் கேட்டான்:

“அண்ணை, ஆடி அமாவாசைக்கு நான் விரதம் பிடிக்கிறதா, விடுறதா?”

தகப்பன் இல்லாத ஆண்பிள்ளை பிடிக்கிற விரதம் அது. பிடித்தால் அப்பா செத்துவிட்டார் என்று இவன் முடிவு கட்டியதாகிவிடும். அம்மா உடைந்து போவார். பிடிக்காவிட்டால், ஒருவேளை அவர் உண்மையிலேயே போயிருந்தால், பிள்ளை இருந்தும் எள்ளும் தண்ணீரும் இல்லாமல் அவரை விட்டதாகிவிடும். ஒவ்வொரு ஆடியும் வர இரண்டு மாதம் முன்னாலேயே அவனுக்குத் தலையிடி தொடங்கிவிடுமாம். பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு எதிரே “உயிருடன் / காலமானார்” என்று இரண்டு கட்டம் இருக்கும். அதற்கு முன்னாலும் இதே தலையிடிதான்.

ஆய்வுலகில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் சொல்வார்கள். போலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வைத்த பெயர். பெயர் தெரிந்தது எனக்கு உதவியது. பையனுக்கு உதவவில்லை. அவனுடைய முறைகளுக்கே இப்படியான சாவுக்கு ஒரு இடம் இருக்கவில்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்தை நாள் கணக்கில் இறக்கி வைக்க எங்களிடம் எவ்வளவு நல்ல படிக்கட்டு இருக்கிறது! உடலும் திகதியும் இருந்தால்தான் அந்தப் படியில் முதல் கால் வைக்கலாம். பண்பாடு காக்கும் என்பார்கள் ரீச்சர். இங்கே பண்பாடேதான் அவன் கழுத்தைப் பிடித்தது.

என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. “பிடி” என்றோ “விடு” என்றோ நான் சொல்லவில்லை. தாயின் தமையனையும் தெரிந்த ஒரு ஐயரையும் வைத்து ஒரு பின்னேரம் பேசினோம். ஐயர் நல்ல மனிதர். “கோயிலுக்கு வந்து அப்பாவின்ரை பேரிலை ஒரு விளக்கு ஏத்து தம்பி. இருக்கிறவருக்கும் ஏத்தலாம், போனவருக்கும் ஏத்தலாம்” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆடி அமாவாசையன்று அவன் வீட்டில் மச்சம் சமைக்கவில்லையாம். ஏன் என்று அம்மா சொல்லவும் இல்லை, இவன் கேட்கவும் இல்லை. தலையிடி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சோதனை எழுதினான்.

அந்த ஐயர் செய்ததைத்தான் நான் பண்பாடு என்பேன். இருக்கிற முறைக்குள்ளே ஒரு பிள்ளைக்குப் புதுசாக ஒரு கதவு திறந்துவிட்டார். கனடா ஆய்வில் வரும் “கையில் இருத்தல்” என்பதும் சின்ன அளவில் இதுதான் என்று நினைக்கிறேன்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பாருங்கள். வைகாசியில், சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு வற்றாப்பளைக்குப் போகும். விளக்கு எரிகிற அதிசயத்தை எல்லோரும் பேசுவார்கள். நான் பார்ப்பது வேறு. பாக்குத் தெண்டல் என்ற தொடக்கச் சடங்கில் இருந்து பொங்கல் வரை எத்தனை வேலை, எத்தனை குடும்பத்துக்கு எத்தனை உரிமை! யார் குடம் எடுப்பது, யார் கூட நடப்பது, யார் தண்ணீர்ப் பந்தல் போடுவது என்று. பதினாறு வயசுப் பொடியனுக்கு அங்கே ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற வேலையென்றாலும் சரி. அன்று முழுக்க அவனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். “இவன் ஆற்றை பொடியன்?” என்று கிழவிகள் கேட்பார்கள். “இன்னாரின்ரை பேரன்” என்று பதில் வரும். முகாமிலும் வீட்டுத்திட்ட வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியும் பதிலும் கிடைப்பது அபூர்வம். மடுவில் ஆவணித் திருவிழாவுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இதுவேதான். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கு ஊர் ஊராகக் கஞ்சி காய்ச்சும்போது அடுப்பூதவும் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கவும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். ஏன் பால் விடவில்லை என்று சின்னது ஒன்று கேட்கும், யாராவது பதில் சொல்வார்கள். வீட்டுக்குள் பேச முடியாத கதை அங்கே ஒரு கிடாரத்தைச் சுற்றிப் பேசப்படுகிறது.

நியூசிலாந்து மாவோரி மக்களிடம் ஒரு நல்ல உருவகம் இருக்கிறது. மேசன் டூரி என்ற மாவோரி மனநல மருத்துவர் 1980களில் முன்வைத்தது. ஆரோக்கியம் என்பது நான்கு சுவர் உள்ள வீடு: உடல், மனம், குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சரிந்தாலும் வீடு சரியும். வீடு நிற்பது நிலத்தில் என்று அங்கே சேர்த்துச் சொல்வார்கள். இரணைதீவு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1992இல் தீவை விட்டு வந்தவர்கள். கேட்டுக் கேட்டுக் களைத்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய் இறங்கினார்கள். நிலம் திரும்புவது மனநலச் செய்தி என்று எந்தப் பத்திரிகையும் போடாது. எனக்கு அது மனநலச் செய்திதான்.

சரி, இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. “எங்கள் பண்பாடு” என்று வன்னியில் சொல்லும்போது யாரை விட்டுவிட்டுச் சொல்கிறோம்?

1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள் எத்தனை ஆயிரம் பேர். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று ஊர்களே இருக்கின்றன. காடு வெட்டிக் கழனியாக்கியதில் அவர்கள் கை பெரியது. காணி உறுதியில் அவர்கள் பெயர் சின்னது. போரில் அவர்களும் அதே பாதையில்தான் ஓடினார்கள். ஆனால் ஒரு பாடசாலையில் நடந்தது இது. “எனது சொந்த ஊரின் வரலாறு” என்று பத்தாம் ஆண்டுக்கு ஒரு ஒப்படை கொடுத்தார்கள். எல்லோரும் வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன், கற்சிலைமடு, 1803 என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை வெறும் தாள் கொடுத்தாள். கேட்டதற்கு, “எனக்கு சொந்த ஊர் எதுன்னு தெரியல மிஸ்” என்றிருக்கிறாள். வகுப்பு சிரித்தது. அதற்கு முதலே ஒரு தடவை சிரித்திருக்கிறார்கள், அப்பம்மாவை “அப்பாயி” என்று சொன்னதற்கு. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் அப்பம்மா என்றும் வீட்டில் அப்பாயி என்றும் சொல்லிப் பழகினாள். கிழமைக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வராமலும் பழகினாள்.

அந்த அப்பாயியைப் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். கையில் பழைய கவ்வாத்துக் கத்தி வெட்டின தழும்பு. தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து எப்படி நடக்கும், தப்பு எப்படிக் காய்ச்சி அடிப்பார்கள், மன்மதன் எரிந்ததும் பெண்கள் எப்படி ஒப்பாரி வைப்பார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். பேத்தி வாசல் கப்பில் சாய்ந்து நின்று கேட்டாள். அவள் அதற்கு முதல் கேட்டதில்லையாம். “இதெல்லாம் இங்க யாரு கேக்கப் போறாங்கன்னு சொல்லல தம்பி” என்றார் கிழவி. இரண்டு தலைமுறையாக ஒரு வீட்டுக்குள் காமன் கூத்து பூட்டிக் கிடந்திருக்கிறது, அக்கம்பக்கத்து வெட்கத்தால். கனடாவில் பள்ளிக்கூடம் அடித்துச் செய்ததை இங்கே நாங்கள் சிரித்தே செய்துவிட்டோம்.

உங்கள் விழாவில் கோவலன் கூத்து இருக்கும், சந்தேகமில்லை. முல்லைத்தீவுக்கு அது பெருமை. தப்பு இருக்குமா? மேடையில் யாருடைய பிள்ளைகள் நிற்பார்கள், கதிரை அடுக்குவது யாருடைய பிள்ளைகள்? சாதியும் இதற்குள் இருக்கிறது, நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு சொல். பண்பாட்டைக் காக்கிறோம் என்று ஊரில் எழும்புகிற குரல்களில் பாதி, பெண்பிள்ளை என்ன உடுக்கிறாள், யாரோடு போனில் பேசுகிறாள் என்பதோடு முடிந்துவிடுகிறது. என்னிடம் வந்த பெண்பிள்ளைகளில் பலருக்கு “பண்பாடு” என்ற சொல்லே பூட்டுச் சத்தம் போலக் கேட்கும். தகப்பன் இல்லாத வீட்டில் தாயே உழைத்து வளர்த்த பிள்ளைகள் இவர்கள். அந்தத் தாய்களைக் கோயில் சபையிலும் கமக்காரர் அமைப்பிலும் கதிரை போட்டு உட்கார வைத்தால் பிள்ளைகள் பார்த்துக் கற்பார்கள். கனடாக்காரர் பெண்களின் பங்கைக் கணக்கில் சேர்த்தது சும்மா இல்லை.

பையன்களுக்கு வேறு ஒரு இழுப்பு, வெளிநாடு. ஊரில் இருக்கிறவன் தோற்றவன், போனவன் வென்றவன் என்று ஒரு கணக்கு எப்படியோ ஏறிவிட்டது. உடம்பு தர்மபுரத்தில், மனம் லண்டனில். ஏஜென்சிக்குக் கட்டிய காசு போன பிறகு வருகிற நித்திரையின்மையை நான் அடிக்கடி காண்கிறேன். இடையில் கசிப்பும் கஞ்சாவும் மாத்திரையும் இருக்கவே இருக்கின்றன. அதைப் பற்றி எல்லோரும் பேசுவதால் விடுகிறேன்.

பண்பாட்டின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றக்கூடாது என்பதற்கு எங்கள் நாடே உதாரணம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த வருடமும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதியைத் தடுத்தார்கள். 2005 அளவில் வீதம் பாதியாகிவிட்டது. அந்தப் பத்து வருடத்தில் யாருடைய பண்பாடும் மாறவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் போனது, அவ்வளவுதான். அதேபோல, நுண்கடன்காரர் கிழமைக்கொரு தடவை வாசலில் வந்து நிற்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கூத்துப் பழக்கிப் பயனில்லை. கடனைப் பேசித் தீர்க்க வேண்டும்.

ஒரு பிள்ளை உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால் பண்பாட்டை ஒரு பக்கம் வையுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறது, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்கிறது என்றால், நேரே கேளுங்கள்: “சாகவேணும் எண்டு யோசினை வருதோ?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான பயம். கேட்டால் பிள்ளைக்கு மூச்சு வரும். பேப்பர்காரர் எழுதுகிற “தவறான முடிவு” என்ற சொல்லையும் வகுப்பில் தவிர்த்துவிடுங்கள், அது செத்தவரைக் குற்றவாளி ஆக்குகிறது. மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். வீட்டார் நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் போனால் சண்டை பிடிக்காதீர்கள். நூலும் கட்டட்டும், கிளினிக்கும் வரட்டும். நூலை அறுக்கச் சொன்ன வைத்தியரிடம் திரும்பிப் போகாத சனத்தை எனக்குத் தெரியும்.

உங்கள் வகுப்புக்கு ஒரு யோசனை மட்டும். “எனது சொந்த ஊர்” ஒப்படையை மாற்றுங்கள். “உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவர் இதுவரை குடியிருந்த இடங்களைக் கேட்டு எழுதுக. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் எங்கே எடுத்தார்?” என்று கொடுங்கள். சொல்ல விருப்பமில்லாத வீடுகள் இருக்கும், அந்தப் பிள்ளை ஒரு மரத்தைப் பற்றியோ ஒரு சமையலைப் பற்றியோ எழுதட்டும். நான் ஒரு இடத்தில் செய்து பார்த்தேன். ஒரு பொடியனின் அம்மம்மா அடம்பன், மல்லாவி, அக்கராயன், தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், செட்டிகுளம் என்று சொல்லிக்கொண்டே போனாராம். விசுவமட்டில் பிறத்தியாரின் கிணறு, வாளி கொடுத்து உதவின வீட்டுக்காரியின் பெயர் வரை ஞாபகம். மாத்தளனில் மணலைத் தோண்டி ஊறவிட்டு எடுத்த உவர்த்தண்ணீர். செட்டிகுளத்தில் பவுசர், வரிசை. மலையகத்துப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் ஒரு பீலியில் தொடங்கும், கடற்கரைப் பிள்ளைக்குத் துரவில் தொடங்கும். சொந்த ஊர் எது என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஒன்று, அந்தத் தாளுக்குப் புள்ளி போட வேண்டாம். அந்தப் பொடியன் அதைத் திருப்பித் தரச் சொல்லி இரண்டு நாள் என் பின்னால் திரிந்தான். அம்மம்மா இன்னும் இரண்டு இடம் சொல்ல மறந்துவிட்டாராம்.